உங்க புஸ்தகத்துலயும் நம்பரா?

1

போன குளிர்காலத்தில் என்னை நியாய அநியாயத்துக்கு அதிகாரியாக்கிவிட்டார்கள். ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். நானே சிரித்து முடித்துவிட்டேன்.

கனடாவின் கிழக்குக் கோடியில், காகித ஆலைப் புகை நாளெல்லாம் மூக்கில் ஏறும் ஓர் ஊர். இங்குள்ள பல்கலைக்கழகத்தில், சமூகவியல் துறையில், வருடா வருடம் புதுப்பிக்கிற ஒரு சின்ன ஆசிரியர் வேலை எனக்கு. ஒரு திங்கட்கிழமை என் தபால் பெட்டியில் கடிதம் கிடந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் எது முறை, எது முறைகேடு என்று யோசித்து நடக்கும்படி செய்ய ஒரு குழு அமைத்திருக்கிறார்களாம். அதில் நானும் உண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், படித்துவிட்டு மூடி வைக்கிற அறம் இல்லை, அன்றாட வேலையில் கடைப்பிடிக்கிற அறம்.

குழுவின் தலைவி மார்கரெட், தத்துவப் பேராசிரியை. நல்ல மனுஷி. என்னை ‘ராஜா’ என்று கூப்பிடுவார். ராஜாமணி என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லை; பெண்பிள்ளையைப் பாதியில் வெட்டி அரசனாக்கிவிட்டார்கள்.

“ராஜா, உங்கள் நாட்டில் மூவாயிரம் வருடமாக இதைப் பற்றியெல்லாம் யோசித்திருக்கிறீர்கள். எல்லாரும் வருகிற பொதுக்கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசுங்களேன்” என்றார்.

மூவாயிரம் வருடமாக உட்கார்ந்து யோசித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரம் செக்போஸ்ட். தமிழ்நாட்டு அரிசியை மடியில் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறியதும் பழனி முருகனைத் தியானிப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்கிற என் அத்தைமார்களைத் தெரியும். இதை மார்கரெட்டிடம் எப்படிச் சொல்வது? சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

2

குழுவின் முதல் கூட்டத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. என் மகள் கவிதாவைப் பள்ளிக்கூடத்தில் மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போகக்கூட நான் ஒரு தாளில் ஒப்புப் போட வேண்டும். நான் இன்னும் ‘ஒப்பு’ என்றுதான் சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் கையெழுத்துக்கு அதுதான் பேச்சு. மலையாளம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, கடல் தாண்டியும் போகவில்லை.

இது வேறு மாதிரிப் படிவம். ஆராய்ச்சிக்காக யாரையாவது கேள்வி கேட்கப் போகிறீர்களா? அவர்களிடம் முதலில் சம்மதம் வாங்கினீர்களா? எதற்குக் கேட்கிறீர்கள் என்று புரியும்படி சொன்னீர்களா? இப்படிப் போயிற்று. உளவியல் துறை டக்ளஸ் என்பவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“இருபது வருடமாகப் படிவம் இல்லாமல்தான் ஆராய்ச்சி செய்கிறேன். இதுவரை யாரும் செத்துப்போகவில்லை.”

மாணவர் பிரதிநிதிகளாக வந்த இரண்டு பிள்ளைகளும் சிரித்தன. ஒன்று கொட்டாவியும் விட்டது. அறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி வருவது எந்த நாட்டிலும் மாறாது போலிருக்கிறது.

ஒரு வரிக்கு மட்டும் எல்லாரும், டக்ளஸ் உட்பட, தலையசைத்தார்கள். ‘பதில் சொன்னவர்களின் பெயர் எங்கும் வரக்கூடாது, பெயருக்குப் பதில் நம்பர் போட வேண்டும்.’ எனக்கு மட்டும் தலை அசையவில்லை. சும்மா இருக்கிற வாயா இது?

“நம்பர் போட்டால் சிலருக்குக் கோபம் வரும்” என்றேன்.

“யாருக்கு?” என்றார் மார்கரெட்.

“ஒரு பெண்ணுக்கு” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து வந்து பனி பூட்ஸைக் கழற்றியபடியே என்னைப் பார்த்தார். “என்ன அம்மிணி, மொகமே செரியில்ல?”

“பேச்சியம்மாவ நெனச்சுட்டனுங்க” என்றேன்.

அவருக்குக் கதை பாதி தெரியும். மீதியை நான் யாருக்குமே சொன்னதில்லை.

3

எழுபதுகள் பிறந்த புதிது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நெல் வயல்காரர் பிள்ளைகள், கள் இறக்குகிறவர் பிள்ளைகள், வாத்தியார் பிள்ளைகள் எல்லாம் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் மலையாளம், வகுப்பில் எல்லாருக்கும் புரியாத இங்கிலீஷ்.

எங்கள் துறைத் தலைவர் சிவராமன் சார், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பிள்ளைகள் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் பண்ணக்கூடாது, தொழிலாளர்களை நேரில் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தக் காலத்தில் அது பெரிய ஆசை. மூணாறுக்குப் பக்கத்தில், சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்பில் அவர் மைத்துனர் இருந்தார். அவர் மூலமாகப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மானேஜரிடம் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மாறி மாறி பஸ் ஏறினோம். மறையூருக்கு மேலே முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்கள். பொருளாதாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மானேஜர் தங்க இடம் கொடுத்தார். மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தார். நாங்கள் லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற வீடுகளுக்கு, நோட்டும் பேனாவுமாகப் போனோம். ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏதோ ஒரு பாடப்புத்தகத்தில் அப்படிப் படித்திருந்தேன்.

பிள்ளைக் காப்பகத்தில்தான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற நீளமான தகரக் கொட்டகை. பழஞ்சேலைத் தொட்டில்கள் இரு பக்கமும் தொங்கின. நடுவில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தபடி, போகிற போக்கில் ஒவ்வொரு தொட்டிலையும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனார். முப்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்துக் கூடையோடு மழைச்சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனவர். அதற்குப் பிறகு பெரிய மனசு பண்ணிக் காப்பகத்து ஆயா வேலை கொடுத்திருந்தார்கள்.

நான் நோட்டைத் திறந்து ‘17’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்.

“அது என்ன டீச்சரம்மா, பதினேழு?”

“உங்களுக்கு நான் போட்ட நம்பருங்க.”

“தோட்டத்துலதான் எங்களுக்கு நம்பரு. உங்க புஸ்தகத்துலயும் நம்பரா?” முகம் சிவந்துவிட்டது. “பேரு போடுங்க. பேச்சியம்மா. ‘ம்மா’வ விட்டுராதீக. ஆபீஸ்ல வெறும் பேச்சின்னுதான் எழுதி வச்சிருக்காக.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பதினேழை அடித்துவிட்டுப் பெயரைப் பெரிதாக எழுதினேன். சாயங்காலம் பிள்ளைகளையும் கூப்பிட்டு எல்லா நம்பரையும் அடிக்கச் சொன்னேன். மனுஷரை மனுஷராக மதிக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

பேச்சியம்மா ஒன்று சொன்னார். “இதையும் எழுதிக்கோங்க. புள்ளைகளுக்கு வாற பால்ல பாதி, ஆபீஸ் பக்கத்து வீடுகளுக்குப் போயிருது. மிச்சத்துல தண்ணி ஊத்தி நான் குடுக்கேன். என் கையாலயே ஊத்துதேன் டீச்சரம்மா. குடிச்சுட்டு அதுக என்னையப் பாத்துச் சிரிக்கும்போது என்னமோ மாரி இருக்கு.”

வாசலில் பள்ளிக்கூடப் பாவாடையோடு ஒரு பெண்பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மகள் முத்துலட்சுமி. “எட்டாவது படிக்கா. மொதல் மார்க்கு” என்றார் பேச்சியம்மா. அவளிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தலையைத் தடவிவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டேன்.

4

அறிக்கையை டைப் அடித்து, அட்டை போட்டு, பச்சைக் காலிக்கோத் துணி ஒட்டி, அழகாகத் தைத்தோம். பெயர்களெல்லாம் அப்படியே இருந்தன. சிவராமன் சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, “பேஷ், பேஷ்” என்றார். பிறகு, “மொதல் காப்பியை மானேஜர் கையிலன்னா கொடுக்கணும். கேட்டேளா டீச்சரே, அவர் எடம் தந்தார், சோறு போட்டார். அவருக்குக் கொடுக்காம லைப்ரரியில வச்சா நன்னாவா இருக்கும்?” என்றார்.

நன்றாக இருக்காதுதான். சோறு போட்டவருக்கு முதல் மரியாதை. நம் ஊரில் யார் இதை மறுப்பார்கள்? கல்லூரி ஆண்டுவிழாவுக்கு மானேஜரையே அழைத்தோம். நாதஸ்வரம் வைத்தோம். மேடையில் மாலை போட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். கூட்டம் கை தட்டியது. பேச்சியம்மாவைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தோன்றியும் கொடுத்திருந்தால் அது பாவம் என்று தெளிவாகச் சொல்லலாம். தோன்றாமலே செய்ததை என்னவென்று சொல்வது?

அடுத்த மாதம் சித்திரபுரத்து மைத்துனர் ஊருக்கு வந்தார். பேச்சியம்மாவைக் காப்பகத்திலிருந்து மாற்றிவிட்டார்களாம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. கொழுந்து எடுக்கச் சரிவுக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த இடுப்போடு.

சிவராமன் சார் அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவில், “நாமன்னா பண்ணினோம் இதை” என்று மட்டும் சொன்னார். மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார், பதில் இல்லை.

நான் என்ன செய்தேன்? பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் முன்னாலேயே கனடா போய்விட்டார். நானும் கைக்குழந்தை கவிதாவும் புறப்பட மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் சித்திரபுரத்துக்கு மூன்று தடவை போய் வரலாம். குழந்தைக்குச் சளி என்றேன், பாஸ்போர்ட் ஆபீஸில் கூப்பிடுவார்கள் என்றேன், போய் நின்று என்ன சொல்வது என்றேன். போகவில்லை. இதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியாத மீதி.

5

அன்றைக்கு வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதைத்தான் கூட்டத்தில் பேசப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“வேலையப் புதுப்பிக்கிற சமயம் பாத்து, நம்ம தப்ப நாமளே மேடையேறிச் சொல்லோணுமா அம்மிணி?”

“பின்ன, மூவாயிரம் வருசத்துக் கதையவா சொல்லச் சொல்றீங்க?”

“அதில்ல. அந்தம்மாவக் கேட்டயா? அவங்க கதைய நீ சொல்றதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. படிவத்தின் முதல் கேள்வியே அதுதானே! ஊருக்கு உபதேசம் பண்ணக் கிளம்பினவளுக்கு வீட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மறுநாளே பேச்சியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஐந்து வருடத்தில் முதல் கடிதம். நடந்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதினேன். நினைத்து அழாத மாதம் இல்லை என்று எழுதினேன். இங்கே நூறு பேர் முன்னால் இதைச் சொல்லட்டுமா, வேண்டாமா, வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதினேன். சிவராமன் சாரின் மைத்துனர் மேல்விலாசம் போட்டு அனுப்பினேன்.

கூட்டத்துக்கு ஏழு வாரம் இருந்தது. தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் கீல் தளர்ந்துவிட்டது. மார்கரெட் என்ன தலைப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ‘அனுமதி வரவில்லை’ என்றேன். எந்த அலுவலகத்திலிருந்து என்று கேட்டார்.

ஐந்தாவது வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த கவிதா கடிதத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்திருந்தாள். நீல நிற விமானத் தபால். ஒரு மூலையைக் காணோம். தபால்தலை அச்சடித்திருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தாள்.

“ஏண்டி வெட்டினே? உள்ளே எழுத்து இருக்குமே!”

“அது எழுத்தா? டிசைன்னு நெனச்சேன்” என்றாள்.

அடிக்கக் கை ஓங்கி, அப்படியே இறக்கிவிட்டேன். அவளைக் கோபித்து என்ன பண்ண? தாய்மொழி அவளுக்குக் கோலமாகத் தெரிகிற அளவுக்கு விட்டவள் நான். மூலைத்துண்டை வகுப்பில் தபால்தலை சேர்க்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் பைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்போதே வாங்கியிருக்க வேண்டும். எனக்குக் கடிதத்தைப் படிக்கிற அவசரம். கடைசி மூலையில் என்ன இருக்கப்போகிறது, எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்றுதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

6

மகள் எழுத, பேச்சியம்மா சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவர் குரலே கேட்டது.

“டீச்சரம்மாவுக்கு பேச்சியம்மா எழுதிக்கொள்வது. நாங்க எல்லாரும் சொகம். நீங்க எழுதுனத மக வாசிச்சுக் காட்டுனா. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். இத்தன வருசமா என்னைய நெனச்சா அழுதீக? எதுக்கு அழணும்? நான் ஒண்ணும் தெரியாமச் சொல்லல. தொரை முன்னால நின்னு சொல்ல நமக்கு ஏது வாயி? உங்க புஸ்தகம் அவுக கைக்குப் போகும்னு எனக்குத் தெரியும். போகட்டும்னுதான் சொன்னேன். பேரு போடச் சொன்னதும் அதுக்கும் சேத்துத்தான். பேரு இல்லாமச் சொன்னா பொறணி பேசுதான்னு தள்ளிருவாக. மறுமாசத்துல இருந்து பால் ஒழுங்கா வந்துச்சு. நான் கொழுந்துக்குப் போனேன். நாலு மாசம் பாத்தேன், இடுப்பு ஒத்துக்கல, நின்னுட்டேன். எனக்குப் பதிலா மகளுக்கு வேலை போட்டுக் குடுத்தாக. அதுல எனக்கு வருத்தமில்ல. நீங்க தாராளமாச் சொல்லுங்க. எம் பேரச் சொல்லியே சொல்லுங்க.

“ஒரே ஒரு வருத்தம் உண்டு. பேரு எழுதுனதுக்கு இல்ல. பெறவு ஒரு தடவகூட எட்டிப் பாக்கலையே. ஒரு காயிதம் போடலையே. நாந்தான் உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனோன்னு நெனச்சுட்டே இருந்தேன்.”

படித்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து வருடமாக அவரை நான் ஒன்றும் அறியாத பாவமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவரோ எல்லாம் தெரிந்து, துணிந்து, என்னையும் என் புத்தகத்தையும் பாலுக்காகத் தூது அனுப்பியிருக்கிறார். பெயரை எழுதியது குற்றம் என்று நான் புழுங்கிக்கொண்டிருக்க, போகாமல் இருந்ததுதான் அவரை வாட்டியிருக்கிறது. கெட்டிக்காரி, மகராசி. அந்த வாரம் முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடையில் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பேச்சு ரொம்ப நன்றாகவே வந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் கவிதா அந்த மூலைத்துண்டைத் திரும்ப வாங்கி வந்து கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே போய்க் கேட்டிருக்கிறாள். “அம்மா, இது எழுத்துன்னா உனக்கு வேணும்ல?” என்றாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு துண்டைத் திருப்பினேன். குண்டூசி முனை எழுத்தில், இடமில்லாமல் நெருக்கி நெருக்கி, முத்துலட்சுமி தன் பங்குக்கு எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதியிருந்தாள்.

“டீச்சர், அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். எனக்கு வருத்தம் உண்டு. அம்மாவுக்காக நான் எட்டாவதோடு நின்றேன். அம்மாவை நீங்கள் கேட்டீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.”

7

மண்டபத்தில் முன் வரிசை முழுவதும் பேராசிரியர்கள். பின்னால் மாணவர்கள், பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள். மேடை ஏறும்போது மார்கரெட் என் தோளில் கை வைத்துக் காதில், “பெயர் மட்டும் வேண்டாம் ராஜா, நம் விதி நமக்கே முதலில்” என்றார். “பெயரைச் சொல்லச் சொல்லி அவரே கேட்டிருக்கிறார்” என்றேன். மார்கரெட் கையை எடுத்துக்கொண்டார்.

பேச்சியம்மாவின் பெயரைக் கரும்பலகையில் தமிழில் எழுதினேன். அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அந்த ஊரில் அந்தப் பெயரால் யாருக்கும் கெடுதலும் இல்லை. காப்பகத்தைச் சொன்னேன், பாலைச் சொன்னேன், தாம்பூலத் தட்டைச் சொன்னேன், மூன்று வாரத்தைச் சொன்னேன். பேச்சியம்மாவின் பதிலைச் சொன்னபோது கூட்டம் மூச்சுவிட்டது. சில பேர் சிரித்தார்கள், ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அங்கேயே முடித்திருந்தால் நல்ல பேச்சு என்று பெயர் வாங்கியிருப்பேன். சம்மதம் கேட்டேன், கிடைத்தது, சுபம்.

கையில் அந்த மூலைத்துண்டு இருந்தது. ‘ஒரு மகள் இருக்கிறாள்’ என்று ஆரம்பித்தேன், பெயரைச் சொல்லவில்லை. நாலு வரியையும் படித்து மொழிபெயர்த்தேன்.

யாரும் கை தட்டவில்லை. டக்ளஸ்தான் எழுந்தார். “உங்கள் படிவத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்திருந்தாலும் இது நடந்திருக்கும்” என்றார். கிண்டல் இல்லை, யோசித்துத்தான் சொன்னார். “தாயிடம் சம்மதம் வாங்கியிருப்பீர்கள். தாய் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தக் கட்டம்?”

“கட்டம் இல்லை” என்றேன்.

கொட்டாவி விட்ட மாணவன் பின்னாலிருந்து, “இப்போது நீங்கள் அவளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டான். தெரியாது என்று சொல்லி இறங்கிவிட்டேன். நியாயத்துக்கு அதிகாரி பதில் தெரியாமல் மேடையை விட்டு இறங்கியதை நூறு பேர் பார்த்தார்கள்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் படிவத்தில் இரண்டு வரி கூட்டினோம். ‘இவர் சொல்லும் பதில் இவர் வீட்டில் வேறு யாரைப் பாதிக்கும்? அவர்களைக் கேட்டீர்களா?’ என்பது ஒன்று, டக்ளஸ் எழுதியது. ‘வேலை முடிந்தபின் இவர்களைப் பார்க்க எப்போது திரும்பிப் போவீர்கள்?’ என்பது மற்றொன்று. அது என்னுடையது. வேலையையும் புதுப்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார்.

8

கோடை விடுமுறையில் கவிதாவோடு ஊருக்கு வருகிறேன். முதலில் சித்திரபுரம், பிறகுதான் சொந்த பந்தம் எல்லாம். இந்தக் குறிப்பை உங்கள் பத்திரிகைக்கு எழுதலாமா என்று இந்தத் தடவை முத்துலட்சுமிக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். மேல்விலாசத்தில் அவள் பெயரைத்தான் போட்டேன். பிரைவேட்டாகப் பரீட்சை எழுத ஆசையிருந்தால் புத்தகமும் பாடமும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது.

பரீட்சையைப் பற்றி, “நேரில் வாருங்கள், பேசுவோம்” என்று மட்டும் எழுதியிருந்தாள். அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட மாட்டாள். நம்பவும் வேண்டாம்.

“எழுதுங்கள் டீச்சர். ஆனால் என் பெயர் வேண்டாம். கனடாவில் சொன்னது வேறு. இந்தப் பத்திரிகை மூணாறு பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் தொங்கும். நான் இங்கே இன்னும் ரொம்ப வருஷம் வேலை பார்க்க வேண்டும்.”

அவள் பெயரை மாற்றினால் போதுமா? தாயின் பெயர் இருந்தால் மகள் யாரென்று தோட்டத்தில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடுமே. இதை எழுதவே வேண்டாம் என்று பேனாவை மூடப்போனேன். பிறகு பார்த்தால் அதே கடிதத்தில், கீழே, அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியிருந்தாள்.

“டீச்சரம்மா, மக சொன்னதக் கேட்டேன். இத்தன நாளா இவ மனசுல இது இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே. அவ பொழைக்கணும். எம் பேரையும் எடுத்துருங்க.”

எடுத்துவிட்டேன். மகள் பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஊர் அடையாளங்களையும் கூடவே மாற்றிவிட்டேன். நீங்கள் இவ்வளவு நேரம் பேச்சியம்மா என்று படித்தது அவர் பெயர் இல்லை.